நாம் வாங்கிய உயரமான வண்டி

அம்மா,

இன்று காலை வண்டியின் நான்கு கதவுகளையும் திறந்துபோட்டுவிட்டு வாசலில் நின்றேன். மூன்று வாரமாக எடுக்கவே இல்லை. கார்த்திகை மழை வேறு விட்டபாடில்லை. மூடிக்கிடந்த வண்டிக்குள்ளிருந்து சீட்டுத் துணியின் ஈர வாடை குப்பென்று அடித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. தஞ்சாவூர் ஷோரூமிலிருந்து, அன்றைக்கு உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாரே, அந்தத் தம்பி. இப்போது அங்கேயே மேனேஜராம்.

"மேடம், எக்ஸ்சேஞ்ச் மேளா போயிட்டிருக்கு. புது மாடல் ஒண்ணு வந்திருக்கு. தரையிலேருந்து உயரம் கம்மி. பெரியவங்க ஏறி எறங்க சுலபம். அம்மாவுக்கு வசதியா இருக்கும்னுதான் ஒங்க ஞாபகம் வந்துச்சு. அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்காங்க தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வருகிற மாசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். அதை ஒரு விற்பனைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பார், உனக்கு ஏறி இறங்குவது கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து நிமிஷம் உன் கையைப் பிடித்து ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு உன் முட்டி ஞாபகம் இருக்கிறது. பெற்ற மகளுக்குத்தான் கண் அவிந்து போயிருந்தது.

கார் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று நம் வீட்டில் நடந்த கூத்தை நினைத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து என் தம்பி வீடியோவில் வந்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். "பிராண்டு முக்கியம்க்கா. நாளைக்கு வித்தா வெல போவணும். நாலு பேரு பாத்தா மதிக்கணும்." எனக்கு ஓட்டுவதுதான் கவலை. நன்னிலம் ரோட்டிலிருந்து நம் ஊருக்குத் திரும்பும் அந்த வாய்க்கால் கரை ரோட்டில், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். அறுப்பு மிஷின் போட்ட பள்ளத்தில் அடி இடிக்கக் கூடாது. நாங்கள் இருவரும் இப்படி அடித்துக்கொண்டிருக்க, நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"அதுல அக்கா வூட்டுக்குப் போவலாமாடி?"

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டைத்தான் கேட்டாய். மூன்று பஸ் மாறிப் போக உன்னால் முடியாமல் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. முட்டியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது நீ அதைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்தவர் வயலில் குனிந்து நடவு நட்டு, களை பறித்து, எங்கள் இருவரையும் படிக்க வைத்த முட்டி. அப்பா பாதியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன், தம்பி கப்பல் கட்டும் வேலைக்குப் போனான். அதற்கெல்லாம் வட்டியை உன் முட்டிதான் கட்டியது. அதனால்தான் "போவலாம்மா, வாசல்லயே கொண்டுபோயி எறக்கி வுடுறேன்" என்றேன். உனக்கு அதில் என்ன சந்தோஷம்! ஆய்ந்த கீரையையும் குப்பையையும் சேர்த்துச் சட்டியில் போட்டுவிட்டு, பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

தஞ்சாவூரில் முதலில் போன ஷோரூமை நான் மறக்க மாட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நீ உள்ளே வந்தாய். கோயிலா இது, போட்டுக்கொண்டு வா என்று நான் அதட்டியும் கேட்கவில்லை. "பளபளன்னு கெடக்குதுடி" என்றாய். உள்ளே இருந்த விற்பனையாளர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையா மேடம்?" என்றார். சார் என்று யாரும் இல்லை, வாங்குவது நான்தான் என்றேன். அப்படியா என்று ஒரு பார்வை.

ஆனால் வண்டி நல்ல வண்டி அம்மா. சின்ன வண்டி, ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் சாதாரண வண்டி. கதவைத் திறந்ததும் நீ பின்பக்கமாகத் திரும்பினாய். கட்டிலில் உட்காருவது போல உட்கார்ந்தாய். பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாய். முனகல் இல்லை, முகம் சுளிக்கவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

அப்போதுதான் அந்த ஆள் சொன்னார். "பாட்டி, காலு பாத்து. டிஸ்ப்ளே வண்டி இது. கறை பட்டா போவாது."

உன் காலில் மண் இல்லை. விடிகாலையில் எழுந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவள் நீ. குதிகால் வெடிப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும் கறுப்பு அது. எந்தச் சோப்புக்கும் போகாத வயல் கறுப்பு. நீ சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டாய். அம்மா, அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஒங்க வண்டிய நீங்களே வச்சிப் பூச பண்ணுங்க" என்று கத்திவிட்டு உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று நீ மெதுவாகச் சொன்னாய். "அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான்டி. வண்டி நல்லாருந்துச்சு. உக்காந்தா எந்திரிக்கவே மனசு வரல."

"மானம் ரோஷம் இருக்கா இல்லையா ஒனக்கு?" என்று கேட்டேன். உன்னைப் போய் அப்படிக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சின்ன வண்டியைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை தம்பி சொன்ன கம்பெனிக்குப் போனோம். பெரிய பெயர், பெரிய கட்டடம். அங்கேயும் நீ வாசலில் செருப்பைக் கழற்றினாய். உள்ளேயிருந்து ஓடிவந்த அந்தத் தம்பி, "செருப்போட வாங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். நீ கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாய். அவர் குனிந்து இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஏசி அறையில் உன்னை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, உன் காலடியில் அந்தச் செருப்பை வைத்தார். டீ வந்தது. சர்க்கரை போடலாமா என்று உன்னிடம் கேட்டார்கள். உனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த நிமிஷமே நம் இருவருக்கும் வண்டி முடிவாகிவிட்டது. இன்னும் வண்டியைப் பார்க்கவே இல்லை!

பார்த்தபோது அது என் இடுப்பு உயரத்துக்குச் சீட்டு வைத்த வண்டி. அந்தத் தம்பி ஒரு பக்கம் தாங்க, நான் ஒரு பக்கம் தாங்க, நீ மேலே இருந்த கைப்பிடியைப் பற்றி ஏறினாய். வலது காலை வைத்துவிட்டு இடது காலை எடுக்க முடியாமல் ஒரு நொடி தொங்கினாய். உதட்டைக் கடித்துக்கொண்டாய். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன், பார்த்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குடி. இங்கயே வாங்கு. மனுசன மனுசனா மதிக்குறாங்க."

பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் வெண்ணெயாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் ரோடு முழுக்கத் தெரிந்தது, லாரிக்காரன்கூட ஒதுங்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோரையும் விட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற திமிர் எனக்கு. திரும்பி வந்ததும் அந்தத் தம்பி, "அம்மா ஏற கஷ்டப்படுறாங்க மேடம், பக்கத்துல ஒரு படி போட்டுத் தரவா?" என்று கேட்டார். படி போட்டால் வாய்க்கால் கரை மேட்டில் உரசும், வேண்டாம் என்றேன். உரசியிருக்கலாம்தான். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. படி வைத்தால் வண்டி பார்க்க மினி வேன் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

டெலிவரி எடுத்த அன்று சிவப்புக் கம்பளம் விரித்த மேடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். மேடையிலிருந்து நீ நேராகச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாய். அடடா, பழகிவிட்டது பார் என்று எனக்கு ஒரே நிம்மதி. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சக்கரம் உருண்டபோது இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நம் வீட்டு வாசலில் மேடை எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு வந்தது நன்னிலம் கல்யாண மண்டபம். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தோம். வாசலில் வண்டியை எடுத்து நிறுத்தினேன், பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. உனக்குக் கால் எழும்பவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. நான் இறங்கி ஓடிவந்து, "தூக்கும்மா கால, எவ்வளவு நேரம்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சத்தம் போட்டு, பின்னாலிருந்து உன்னை முட்டித் தள்ளினேன். நீ சீட்டில் குப்புற விழுந்து, முந்தானை சரிந்து, ஒருவழியாக உட்கார்ந்தாய். மண்டப வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். வீடு வரும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு உனக்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி வருகிறது என்றாய். தலை சுற்றுகிறது என்றாய். ஏசி சேரவில்லை என்றாய். நானும் மாத்திரை வாங்கிக் கொடுத்து, எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குச் சொல்லாமல் மினி பஸ் ஏறி நன்னிலம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் மூன்று படி, இரண்டு பக்கமும் கம்பி, ஒவ்வொன்றாக ஏறலாம். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

"யாருக்காக வாங்குனேன் இத? மினி பஸ்ஸுல மட்டும் வாந்தி வராதா ஒனக்கு? ஊர் சிரிக்கணும், வாசல்ல கார வச்சிக்கிட்டு ஆத்தாள பஸ்ஸுல அனுப்புறான்னு. அதானே ஒனக்கு வேணும்?"

நீ மாத்திரைப் பையை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாய். "கோவப்படாதடி. தை மாசம் அக்கா பேத்தி கல்யாணத்துக்கு ஒன் கார்லயே வாறேன். சத்தியமா வாறேன்" என்றாய். நான் அதையும் நம்பவில்லை. பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

மார்கழியில் நீ விழுந்தாய். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது, ஸ்கூட்டரில் பறந்து வந்தேன். எதிர்வீட்டுச் செல்வி அக்கா கூடத்தில் உன்னைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். கொல்லையில் துவைக்கிற கல்லில் பாசி, வழுக்கிவிட்டது என்று நீ சொன்னாய். ஆமாம் என்று செல்வி அக்காவும் தலையாட்டினார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. காரில் உன்னை உட்கார வைக்க முடியாது, ஆம்புலன்ஸ்தான் வந்தது. தஞ்சாவூருக்குப் போகும்போதும் படுத்தபடி, ஆபரேஷனை உன் இதயம் தாங்காது என்று அனுப்பி வைத்தபோதும் படுத்தபடி. தை மாசம் பெரியம்மா பேத்தி கல்யாணம் நாம் இல்லாமல் நடந்தது. மாசியில் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு செல்வி அக்கா மட்டும் போகாமல் நின்றார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. "போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அப்போதுதான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, ஒங்கம்மா துவைக்கிற கல்லுல வுழல. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா எம்மவ வண்டிய வித்துப்புடுவா, ஆசையா வாங்குனது, சொல்லாதடி செல்வின்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க."

அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"நீங்க பள்ளிக்கூடம் போனதும் ஆணியில கெடக்குற சாவிய எடுத்துக்கிட்டு வருவாங்க. நான் கதவத் தொறந்து வுடுவேன். மொதல்ல மூணு செங்கல்ல அடுக்கி, அது மேல நின்னு ஏறுவாங்க. ஏறி உக்காந்து, எறங்கி, மறுபடியும் ஏறுவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவ. நான் தாங்க வந்தா கையத் தட்டி வுட்டுடுவாங்க. ‘அக்கா வூட்டு வாசல்ல நீயா வந்து தூக்கிவுடப் போற? அங்க சம்பந்தி எல்லாம் நிப்பாங்க, நானா ஏறி நானா எறங்கணும்டி’ன்னு சொல்லுவாங்க. பத்து நாள் கழிச்சி ஒரு கல்ல எடுத்தாங்க. அப்பறம் இன்னொண்ணு. ராத்திரி முட்டி வீங்கிக்கும், என்கிட்ட தைலம் வாங்கித் தேச்சிக்குவாங்க. ஒங்களுக்கு வாட தெரியக் கூடாதுன்னு எங்க வூட்டுல வந்துதான் தேப்பாங்க."

"அன்னிக்கி?" என்று கேட்டேன்.

"அன்னிக்கிக் கடைசிக் கல்லையும் தள்ளி வச்சிட்டாங்க. கல்லே இல்லாம ஏறிட்டாங்க டீச்சரம்மா! சீட்டுல உக்காந்துக்கிட்டு ‘ஏறிப்புட்டேன் பாத்தியா செல்வி’ன்னு கையத் தட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாவி, கிட்டப் போயி நிக்காம சிரிச்சிக்கிட்டு நின்னேன். எறங்குறப்பதான் முட்டி மடங்கிடுச்சி."

எனக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தம்பி வண்டியை விற்றுவிடச் சொல்கிறான். நல்ல பிராண்டு, நல்ல விலை போகுமாம். செல்வி அக்கா விற்காதே என்கிறார், விற்றால் நீ அவரிடம் வாங்கிய சத்தியம் என்ன ஆவது என்கிறார். எனக்கு அதை ஓட்டவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஏன் அம்மா சொல்லவில்லை? "என்னால ஏற முடியலடி" என்று ஒரு தடவை சொல்ல உனக்கு என்ன கேடு? மிராசுதார் கூலியைக் குறைத்தாலும் வாயைத் திறக்க மாட்டாய், மகள் முட்டித் தள்ளினாலும் வாயைத் திறக்க மாட்டாய். உன் வாயைக் கட்டியது யார் என்று யோசித்தால் அதில் நானும்தான் இருக்கிறேன். மானம் இருக்கிறதா என்று கேட்டேனே. இருந்தது அம்மா. அதனால்தான் செங்கல்லைத் தள்ளி வைத்தாய்.

படுக்கையில் கிடந்த அந்த இரண்டு மாதமும் நான்தான் உன்னைத் தூக்கினேன். முதல் நாள் துணி மாற்றுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்துத் தூக்கியவள், திடுக்கிட்டுப் போனேன். இவ்வளவுதானா நீ? பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவேனே, அந்தக் கனம்கூட இல்லை. நீ வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "பாரமா இருக்கேனாடி" என்று கேட்டாய். இல்லம்மா என்றேன்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து நீ விழுந்த நாள் வரை, எந்த நாளிலும், அந்த வாசலிலேயே உன்னை அப்படித் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்திருக்கலாம். பெரியம்மா வீட்டு வாசலில், அத்தனை சம்பந்திகளும் பார்க்க, அதே போலத் தூக்கி இறக்கியிருக்கலாம். எங்கம்மா, நான்தான் தூக்குவேன் என்று சொன்னால் யார் சிரித்திருப்பார்கள்? பின்னாலிருந்து தள்ளத் தெரிந்த எனக்கு, முன்னால் வந்து தூக்கத் தோன்றவில்லை.

நீ எவ்வளவு லேசாக இருந்தாய் என்பது இன்னும் இந்தக் கைகளில் இருக்கிறது அம்மா. அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.